வருமானம் குறைந்தால் உதவியும் இல்லை: டெக்ஸாஸில் இன்சூரன்ஸ் நிலைமை

வணக்கம் நண்பர்களே. போன வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள்: "அமெரிக்காவில் காசு இல்லாதவர்களுக்கு அரசாங்கம் மருத்துவம் பார்க்காதா?" பார்க்கும். ஆனால் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் இருப்பது ஹூஸ்டன் பக்கம். இன்சூரன்ஸ் இல்லாதவர்களின் விகிதம் நாட்டிலேயே அதிகமாக இருப்பது இந்த டெக்ஸாஸில்தான். அதனால் இன்று இங்கே நடப்பதை மட்டும் பேசுகிறேன்.

ஒருவரை வைத்துச் சொல்கிறேன். வயது 40, தனி ஆள், குழந்தை இல்லை. ஒரு கடையில் பகுதி நேர வேலை. வருடத்துக்கு 14,000 டாலர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 கணக்கில் தனி நபருக்கான வறுமைக் கோடு 15,650 டாலர். ஆக, இவர் அந்தக் கோட்டுக்குக் கீழே. இன்சூரன்ஸ் எடுக்க இவருக்கு அரசு தரும் உதவி எவ்வளவு? ஒரு டாலர்கூட இல்லை. அதே கடையில் 17,000 டாலர் வாங்குபவர் ஒபாமாகேர் சட்டப்படி அமைந்த இன்சூரன்ஸ் சந்தையில் இன்சூரன்ஸ் எடுத்தால், பிரீமியத்தின் பெரும்பகுதியை மத்திய அரசு கட்டும். திரும்பவும் சொல்கிறேன், நான் மாற்றிச் சொல்லவில்லை. அதிகம் சம்பாதிப்பவருக்கு உதவி உண்டு, அவரைவிட ஏழைக்கு இல்லை.

யாரும் வேண்டுமென்று இப்படி எழுதி வைக்கவில்லை. 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. வறுமைக் கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள எல்லோரும் ஏழைகளுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிக்கெய்டில் சேர்ந்துவிடுவார்கள், அதற்கு மேலே உள்ளவர்களுக்குப் பிரீமிய மானியம். கோட்டுக்குக் கீழே உள்ள எல்லோருக்கும் மெடிக்கெய்ட் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மானியத்தைக் கோட்டிலிருந்துதான் தொடங்கினார்கள். 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் சட்டத்தைக் காப்பாற்றியது, ஆனால் மெடிக்கெய்டை விரிவாக்கச் சொல்லி மாநிலங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. நாடாளுமன்றம் இன்றுவரை அதை மூடவில்லை. 40 மாநிலங்கள் விரிவாக்கத்தை ஏற்றுக்கொண்டன. டெக்ஸாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா உட்பட 10 மாநிலங்கள் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. அங்கெல்லாம் சேர்த்து சுமார் 14 லட்சம் பேர் இந்தப் பள்ளத்துக்குள் இருக்கிறார்கள், அதில் அதிகம் பேர் இருப்பது எங்கள் மாநிலத்தில்.

குழந்தை இருந்தாலாவது பெற்றோருக்குக் கிடைக்குமா? மூன்று பேர் கொண்ட குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 4,000 டாலரைத் தாண்டினாலே இங்கே பெற்றோருக்கு மெடிக்கெய்ட் கிடையாது. வருடத்துக்கு! ஹூஸ்டனில் அந்தப் பணம் நாலு மாத வாடகைக்கே போதாது.

விரிவாக்கச் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு தருகிறது. மீதி 10 சதவீதம் மாநிலத்துக்குச் சுமை, மத்திய அரசு நாளைக்குக் கையை விரித்துவிட்டால் என்ன செய்வது என்று இங்குள்ள தலைவர்கள் கேட்கிறார்கள். அந்தப் பயத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் செலவு இப்போதும் எங்கும் போய்விடவில்லையே. 1986 சட்டப்படி, எமர்ஜென்சிக்கு வரும் யாரையும் காசில்லை என்று மருத்துவமனை திருப்பி அனுப்பக் கூடாது, உயிராபத்து நீங்கும்வரை பார்த்தாக வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் மருந்து வாங்க வழியில்லாதவர் மயங்கி விழுந்த பிறகு ஆம்புலன்ஸில் வருவார். அதற்கான பில் மருந்தைவிடப் பல மடங்கு. ஹூஸ்டனில் பென் டாப் போன்ற கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) மருத்துவமனைகள் எங்கள் சொத்து வரியையும் நம்பித்தான் ஓடுகின்றன. கிராமப்புற டெக்ஸாஸில் பல இடங்களில் அதுவும் இல்லை. அங்கே மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருகின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என்னைப் போல ஐடி வேலையில் இருப்பவர்களுக்கும் அரசு உதவுகிறது, அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். கம்பெனி எனக்காகக் கட்டும் பிரீமியத்துக்கு வருமான வரி கிடையாது. 1954 முதல் சட்டத்திலேயே இருக்கும் சலுகை இது. சம்பளம் ஏற ஏற இந்தச் சலுகையின் மதிப்பும் பொதுவாக ஏறும். இதை யாரும் இலவசம் என்று திட்டுவதில்லை. அந்தக் கடை ஊழியருக்குக் கொடுக்கலாமா என்று வரும்போதுதான் அந்த வார்த்தை வருகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

மாற்ற முடியாதா என்றால், மற்ற இடங்களில் மாற்றியிருக்கிறார்கள். 2020-இல் மிசூரியிலும் ஓக்லஹோமாவிலும், 2022-இல் தெற்கு டகோட்டாவிலும் மக்களே வாக்களித்து விரிவாக்கத்தைக் கொண்டுவந்தார்கள். மூன்றுமே குடியரசுக் கட்சியின் கோட்டைகள். டெக்ஸாஸில் மக்கள் கையெழுத்து திரட்டி ஒரு சட்டத்தை மாநில வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக வழியே இல்லை. தலைநகர் ஆஸ்டினில் உள்ள மாநிலச் சட்டமன்றம் மனம் வைக்க வேண்டும். குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட வட கரோலினா சட்டமன்றம் மனம் வைத்தது, 2023 டிசம்பரில் அங்கே நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை பெற்று இங்கே வாக்குரிமை உள்ள நண்பர்கள், உங்கள் தொகுதி உறுப்பினரிடம் இதைக் கேளுங்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை.

சரி, இங்கே வருமானம் குறைவாக இருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பெற்றோருக்குக் கிடைக்காவிட்டாலும் பிள்ளைகளுக்கு மெடிக்கெய்டோ, சிப் என்ற குழந்தைகளுக்கான அரசு இன்சூரன்ஸ் திட்டமோ கிடைக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பிள்ளைகளுக்கான வருமான வரம்பு மிகவும் உயரமானது. கர்ப்பிணிகளுக்கும் தனி வரம்பு உண்டு, 2024 மார்ச் முதல் பிரசவத்துக்குப் பிறகு 12 மாதம்வரை அவர்களின் மெடிக்கெய்ட் தொடர்கிறது. 211 என்ற எண்ணுக்கு அழைத்தால் எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்வார்கள்.