பாக்டீரியாக்களின் கொடுக்கல் வாங்கல்

அனைவருக்கும் வணக்கம். மழையையும் பார்க்காமல் வந்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி.

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மரபணு என்றால் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து நமக்கு என்று தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவது. பக்கத்து வீட்டுக்காரரோடு முப்பது வருடம் பழகினாலும் அவருடைய சுருட்டை முடி நமக்கு வராது. பாக்டீரியாக்களுக்கு வரும். அதுவும் வேறு இனத்திடமிருந்துகூட வரும். இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

இதை முதலில் கண்ணால் பார்த்தவர் லண்டனில் இருந்த பிரெடரிக் கிரிஃபித். 1928-ல் நிமோனியா பாக்டீரியாவில் இரண்டு வகையை வைத்து எலிகளில் சோதனை செய்தார். ஒரு வகைக்கு மேலே வழுவழுப்பான உறை உண்டு. அது எலியைக் கொன்றுவிடும். இன்னொன்றுக்கு உறை கிடையாது. எலிக்கு ஒன்றும் ஆகாது. கொல்லும் வகையைச் சூடுபடுத்திச் சாகடித்தார். அந்தச் செத்த பாக்டீரியாவையும் உயிருள்ள சாதுவான வகையையும் சேர்த்து எலிக்கு ஊசி போட்டார். எலி செத்தது. அதன் ரத்தத்தில் உறை போட்ட பாக்டீரியா உயிரோடு இருந்தது. செத்துப்போனது தன் குணத்தை உயிரோடு இருப்பதற்குக் கொடுத்திருக்கிறது! கைமாறிய பொருள் டி.என்.ஏ என்று நியூயார்க்கில் ஏவரி, மக்லியோட், மக்கார்ட்டி மூவரும் 1944-ல் நிறுவினார்கள். கிரிஃபித் அதைப் பார்க்கவில்லை. 1941-ல் லண்டனில் விழுந்த குண்டில் இறந்துவிட்டார். இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துப்போகும்.

சரி, இதெல்லாம் ஆய்வுக்கூடத்து எலி சமாச்சாரம். மனிதர்கள் நடுவே இது எப்படித் தெரியவந்தது என்பதற்கு ஜப்பானுக்குப் போக வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அங்கே சீதபேதி பெரிய தொல்லையாக இருந்தது. காரணம் ஷிகெல்லா என்ற பாக்டீரியா. முதலில் சல்ஃபா மருந்து கொடுத்தார்கள், நன்றாகக் கேட்டது. சில வருடங்களில் கேட்காமல் போனது. அப்புறம் ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிகால், டெட்ராசைக்ளின் வந்தன. 1950-களின் நடுவில் இந்த நான்கு மருந்துக்கும் ஒரே நேரத்தில் மசியாத ஷிகெல்லா தலைகாட்டத் தொடங்கியது.

மருத்துவர்களைக் குழப்பியது என்னவென்றால், ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பரவிய நோயில் சிலருடைய ஷிகெல்லா எல்லா மருந்துக்கும் அடங்கியது, சிலருடையது எதற்கும் அடங்கவில்லை. ஒரே ஒரு மருந்து சாப்பிட்டவரின் குடலிலும் நான்கையும் எதிர்க்கும் ஷிகெல்லா இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மருந்தை எதிர்க்கும் மாற்றம் கோடியில் ஒரு பாக்டீரியாவுக்குத் தற்செயலாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கும் ஒன்றுக்கே வர வேண்டுமானால், கோடியைக் கோடியால் மூன்று முறை பெருக்க வேண்டும். ஒரு மனிதக் குடலில் அவ்வளவு பாக்டீரியாவுக்கு இடமே கிடையாது.

அந்த நோயாளிகளின் குடலிலேயே சாதாரணமாகக் குடியிருக்கும் ஈ.கோலையைச் சோதித்தார்கள். அதுவும் அதே நான்கு மருந்தையும் எதிர்த்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓச்சியாய், அகிபா ஆகியோரின் குழுக்கள் 1959-ல் அந்த ஈ.கோலையையும் மருந்துக்கு அடங்கும் ஷிகெல்லாவையும் ஒரே திரவத்தில் வளர்த்துக் காட்டின. ஈ.கோலையிடமிருந்து ஷிகெல்லாவுக்கு நான்கு எதிர்ப்பும் ஒரே மூட்டையாகப் போய்ச் சேர்ந்தது.

அந்த மூட்டையைத்தான் பிளாஸ்மிட் என்கிறோம். குரோமோசோமுக்கு வெளியே தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் சின்ன டி.என்.ஏ வளையம். கொடுக்கும் செல்லிலிருந்து மெல்லிய இழை ஒன்று நீளும். பக்கத்துச் செல்லைத் தொட்டதும் சுருங்கி அதை அருகே இழுக்கும். பிளாஸ்மிட்டின் இரண்டு இழைகளில் ஒன்று மட்டும் அந்தப் பக்கம் போகும். விட்டுப்போன ஜோடியை இரண்டு செல்லும் அவரவர் பக்கத்தில் எழுதிக்கொள்ளும். முடிவில் வாங்கியவரிடம் ஒரு பிளாஸ்மிட், கொடுத்தவரிடம் பழையபடி ஒன்று. கல்விக்குச் சொல்வோமே, கொடுக்கக் கொடுக்கக் குறையாது என்று, அந்த மாதிரி.

என் மாணவர்களோடு இதை ஒவ்வொரு ஆண்டும் செய்து பார்ப்பேன். டெட்ராசைக்ளினை எதிர்க்கும் ஈ.கோலை ஒரு குழாயில், நாலிடிக்சிக் அமிலத்தை எதிர்க்கும் ஈ.கோலை இன்னொரு குழாயில். இரண்டு மருந்தும் கலந்த, பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டில் எதைத் தனியாகத் தடவினாலும் முளைக்காது. இரண்டையும் கொஞ்ச நேரம் ஒன்றாக வைத்துவிட்டு, அதே மாதிரித் தட்டில் தடவி, ராத்திரி முழுக்க 37 டிகிரியில் வைப்போம். காலையில் மூடியைத் திறந்தால் வெண்ணெய்த் துளி போலப் பத்து, இருபது புள்ளிகள். நேற்று மாலை உலகத்தில் இல்லாத பாக்டீரியா அது. வகுப்பே ஒரு நிமிடம் பேசாமல் நிற்கும்.

இன்னொரு வழி, வைரஸ். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் போகிற போக்கில் மரபணுக்களைச் சுமந்து போகின்றன. காலரா கிருமியின் நச்சு மரபணுவே ஒரு வைரஸ் கொண்டுவந்தது என்று 1996-ல் தெரிந்தது.

ஆகவே பரிணாமம் என்றதும் மனதில் ஒரு மரம் வருகிறதே, பாக்டீரியாவுக்கு அந்தப் படம் பாதிதான். கிளைக்குக் கிளை கொடி படர்ந்த மரமாக அதைக் கற்பனை செய்யுங்கள். மருந்து சாப்பிட்டுச் சாதுவான ஈ.கோலையில் ஒரு எதிர்ப்பு மரபணுவை நாம் வளர்த்துவிட்டால், அது அந்த ஈ.கோலையோடு நிற்காது. சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பற்றி நான் கவலைப்படுவது இதனால்தான்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. என்.டி.எம்-1 என்று ஒரு மரபணு. அதில் 'என்.டி' என்பது நியூ டெல்லி. கடைசிக் கைக்கு வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளையே உடைத்துப் போடும். 2010-ல் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அந்த மரபணு இருந்தது. பெயரில் டெல்லி இருக்கிறது என்று அப்போது எழுந்த கோபத்தில், பேச வேண்டியது பேசப்படாமல் போனது என்பது என் வருத்தம். அதே ஆய்வில், ஹரியானா மாதிரிகளில் பிளாஸ்மிட் அடுத்த செல்லுக்குத் தாவவில்லை. சென்னை மாதிரிகளில் சுலபமாகத் தாவியது.

அடுத்த வருடம் வெளிவந்த இன்னொரு ஆய்வுக்காக டெல்லியில் தெருவோரம் தேங்கிய நீரையும் குழாய்த் தண்ணீரையும் எடுத்துப் பார்த்திருந்தார்கள். தேங்கிய நீர் 171 மாதிரிகளில் 51-லும், குழாய்த் தண்ணீர் 50-ல் இரண்டிலும் அந்த மரபணு இருந்தது. பிளாஸ்மிட் அதிகம் கைமாறியது 37 டிகிரியில் அல்ல, 30 டிகிரியில். நம் தெருச் சாக்கடைக்கு வருடத்தில் பாதி நாள் இருக்கும் சூடு அது. அங்கே என்.டி.எம்-1 ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்த பாக்டீரியாக்களில் காலரா கிருமியும் இருந்தது, ஜப்பானில் நாம் பார்த்த ஷிகெல்லாவின் இனத்தில் ஒன்றும் இருந்தது.