சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

நண்பர்களே, வணக்கம். ஆங்கிலச் சொல்வளம் வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியலை வைத்துக்கொண்டு உருப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்தப் பட்டியலில் பயமுறுத்துகிற நீளமான சொற்களில் பெரும்பாலானவை கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்தவை. பள்ளியில் பகுதி, விகுதி, சந்தி என்று பிரித்தோமே, அதேபோல இவற்றையும் பிரித்துவிடலாம்.

மருத்துவச் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி எடுத்தல். ஹெபார் என்றால் கிரேக்கத்தில் கல்லீரல், ஆகவே ஹெபடைடிஸ் கல்லீரல் அழற்சி. ஆர்த்ரான் என்றால் மூட்டு. ஆர்த்ரைடிஸ் என்னவென்று இனி நான் சொல்லவே வேண்டாம். அப்புறம் சிறுநீரகம். மருத்துவமனைப் பலகையில் நெஃப்ராலஜி என்று இருக்கும், கையில் தருகிற பரிசோதனைச் சீட்டில் ரீனல் என்று இருக்கும், டாக்டர் வாய்திறந்தால் கிட்னி என்பார். நோயாளி மூன்றும் வேறு வேறு என்று நினைத்துக் கலங்கிப்போவார். நெஃப்ரோஸ் கிரேக்கம், ரீனல் லத்தீன் வழி வந்தது, கிட்னி ஆங்கிலத்தின் சொந்தச் சொல். உறுப்பு ஒன்றுதான்.

இவ்வளவு எப்படி வந்து சேர்ந்தது? 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். ஆட்சியோடு பிரெஞ்சும் வந்தது, பிரெஞ்சு லத்தீனின் மகள். பிறகு 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அறிஞர்கள் கிரேக்க, லத்தீன் மூலநூல்களிலிருந்தே நேரடியாக அள்ளிக்கொண்டார்கள். அந்த ஆர்வம் எழுத்துகளையும் விடவில்லை. கடன் என்று பொருள்படும் 'டெட்' என்ற சொல் பிரெஞ்சிலிருந்து 'பி' இல்லாமல்தான் வந்தது. லத்தீனில் 'டெபிட்டம்' என்று இருக்கிறதே என்று படித்தவர்கள் ஒரு 'பி'யைச் செருகினார்கள். யாரும் அதை உச்சரிக்கவில்லை, ஆனால் இன்றுவரை குழந்தைகள் அதை எழுதத்தான் வேண்டியிருக்கிறது. 'ஐலண்ட்' என்பதில் வரும் 'எஸ்' இன்னும் மோசம், ஏனென்றால் அது லத்தீன் சொல்லே இல்லை, லத்தீன் இன்சுலாவின் சாயல் பார்த்துச் சேர்த்தது.

எனக்கு மிகவும் பிடித்தது பஸ். லத்தீனில் ஆம்னிபஸ் என்றால் 'எல்லாருக்கும்'. எல்லாரும் ஏறிக்கொள்ளும் வண்டிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், பிறகு சுருக்கினார்கள், சுருக்கியதில் பகுதி போய்விட்டது. மிஞ்சிய 'பஸ்' நான்காம் வேற்றுமை உருபு, நம்முடைய 'கு' மாதிரி!

சரி, வேர் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? இல்லை, இங்கேதான் கவனம் வேண்டும். பெடல், பெடஸ்ட்ரியன் இரண்டிலும் இருக்கிற 'பெட்' லத்தீனில் கால். அதை நம்பி பீடியாட்ரிக்ஸ் என்பதைக் கால் மருத்துவம் என்று சொல்லிவிடக் கூடாது. அதில் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். பிரிட்டன் எழுத்துமுறையில் ஒரு 'ஏ' கூடுதலாக நின்று காட்டிக்கொடுக்கும், அமெரிக்க முறையில் அந்த அடையாளமும் இல்லை. ஆக்சிஜனைப் பாருங்கள். அமிலங்கள் எல்லாவற்றிலும் அந்த வாயு இருக்கும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 18ஆம் நூற்றாண்டில் நம்பினார், அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பொருள்வர கிரேக்கத்தில் பெயர் வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. கருத்து தவறு என்று தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான்: முதலில் பிரியுங்கள், பொருளை நீங்களே ஊகியுங்கள், அதற்குப் பிறகு அகராதியைத் திறங்கள். நல்ல அகராதிகளில் சொல்லின் பிறப்பு தனியாகக் கொடுத்திருக்கும், பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தொடங்குவதற்கு நூறு வேர் தேவையில்லை. சுமத்தலைக் குறிக்கும் 'போர்ட்', பார்த்தலைக் குறிக்கும் 'ஸ்பெக்ட்', எழுத்தைக் குறிக்கும் 'ஸ்கிரிப்ட்' என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு நாளைய செய்தித்தாளைப் படித்துப் பாருங்கள்.