முழங்கால் வரை தூக்கியவன்

நேயர்களுக்கு வணக்கம். எனக்குப் பன்னிரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தம்பி, "சார், நேரம் முடியப்போகுதுன்னா ரெண்டு விரலைக் காட்டுவேன்" என்று சொல்லி வைத்திருக்கிறார். மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாத தமிழாசிரியர் நான். பார்க்கலாம்.

இன்று நான் பேச வந்தது ஒரு பழைய காலத்துப் போர்வீரனைப் பற்றி. நம் சிங்கப்பூர்க்காரன். பெயர் பாடாங். இந்த இடத்தில் ஒரு தொல்லை இருக்கிறது. தமிழில் எழுதினால் இவன் பெயரும், தேசிய தினத்துக்குக் கூட்டம் கூடுகிற பாடாங் திடலின் பெயரும் ஒன்றாகிவிடும். திடலுக்கு வருவது 'பழம்' என்பதில் வரும் ப. இவனுக்கு 'பஸ்' என்பதில் வரும் ப. கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு இதை விளக்குவதற்குள் எனக்குப் பாதி வகுப்பு போய்விடும். வானொலியில் அந்தக் கவலை இல்லை, காதாலேயே கேட்டுவிட்டீர்கள்.

கதை 'செஜாரா மெலாயு' என்ற பழைய மலாய் நூலில் இருக்கிறது. சிங்கப்பூரைச் ஸ்ரீ ராணா விக்ரமா என்ற ராஜா ஆண்ட காலம். சாயோங் என்ற ஊரில் ஒருவனிடம் பாடாங் அடிமையாக இருந்தான். எஜமான் அவனைக் காடு வெட்ட அனுப்புவான். காட்டுக்குப் போகும்போது பாடாங் ஆற்றில் மீன் கூடு போட்டுவைப்பான். காலையில் போய்ப் பார்த்தால் கூட்டில் வெறும் செதிலும் முள்ளும்தான் கிடக்கும். யாரோ மீனைத் தின்றுவிட்டுப் போகிறார்கள். ஒரு நாள் நடந்தால் சரி, தினமும் இப்படியா? யார் என்று பார்த்துவிடுவோம் என்று நாணல் புதரில் ஒளிந்துகொண்டான்.

வந்தது ஒரு ஹந்து, அதாவது பேய். நெருப்பு மாதிரி கண், சடை பிடித்த முடி, இடுப்பு வரை தாடி. நாமாக இருந்தால் எடுத்திருப்போம் ஓட்டம். பாடாங் பாய்ந்து தாடியைப் பிடித்துக்கொண்டான். பேய் கெஞ்சியது: என்னைக் கொல்லாதே, என்ன வேண்டுமோ கேள், தருகிறேன்.

நான் வகுப்பில் எப்போதும் நிறுத்துகிற இடம் இது. "நீங்களாக இருந்தால் என்ன கேட்பீர்கள்?" பணம், புதுக் கைப்பேசி, கணக்கில் நூற்றுக்கு நூறு. ஒரு பையன் "மறைந்து போகிற சக்தி சார்" என்றான். எதற்கடா என்றேன். "வீட்டுப்பாடம் கொண்டுவராத அன்னைக்கு" என்றான்.

பாடாங்கும் இதையெல்லாம் யோசித்தான், அதுதான் வேடிக்கை. தாடியைக் கையில் பிடித்தபடியே யோசிக்கிறான். பொன்னும் பொருளும் கேட்டால்? அடிமையின் சொத்து எஜமானுக்குத்தானே, அவன் வாங்கிக்கொள்வான். மறைந்து திரியும் வரம் கேட்டால்? என்றைக்காவது மாட்டுவோம், உயிர் போகும். அப்படியானால் பலம் கேட்போம், எஜமான் சொல்கிற வேலையைச் செய்ய உதவும்.

ஒரு அடிமை போட்ட கணக்கு இது. என்னிடம் இருந்து பிடுங்க முடியாதது எது என்று பார்த்து அதைக் கேட்டிருக்கிறான். ஒரு மாணவி எழுந்து, "சார், அந்தப் பலத்தையும் முதலாளிதானே வேலை வாங்கப்போறார்?" என்று கேட்டாள். அவளுக்கு இன்றுவரை சரியான பதில் சொல்லவில்லை. ஆனால் கதை என்ன சொல்கிறது என்றால், பாடாங் காட்டிலிருந்து திரும்பும்போது பெரிய பெரிய மரங்களைக் கையாலேயே பிடுங்கிப் போட்டுக்கொண்டே வந்தான். அதைப் பார்த்து எஜமான் அவனுக்கு விடுதலை கொடுத்துவிட்டான். கொடுக்காமல் இருக்க முடியுமா?

பலம் எப்படி வந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். பேய் வாந்தி எடுத்தது. பாடாங் அதைத் தின்றான். முழுவதும். ஒரு கையால் தாடியை விடாமல் பிடித்துக்கொண்டு. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கேட்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

இந்தக் கதையை முதலில் நான் சொன்னது என் அப்பாவிடம். அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வலது தோளில் கழுத்தை ஒட்டி ஒரு மேடு, தேங்காய் ஓட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி காய்ப்பு. சின்ன வயதில் அதை விரலால் அழுத்திப் பார்ப்பேன், அவருக்கு வலிக்காது. சாக்கில் மாட்டி இழுக்கிற இரும்புக் கொக்கி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். வேலையை விட்ட பிறகும் அது அங்கேதான் தொங்கியது. வாந்தி கதையைச் சொன்னதும் நான் முகத்தைச் சுளித்தேன். அவர் சுளிக்கவில்லை. "வேலைக்கு வந்த புதுசுல நாங்க தின்ன சோத்தை நீ பார்க்கலையே" என்றார். அதோடு சரி.

சரி, கதைக்கு வருவோம். ராஜா பாடாங்கைக் கூப்பிட்டு ஹுலுபாலாங் ஆக்கினார், படைத்தலைவன். நேற்றுவரை அடிமை. ராஜா ஒரு நாள் குராஸ் இலை வேண்டும் என்றார். பாடாங் தனியாகப் படகோட்டிக்கொண்டு சாயோங் ஆற்றுமுகத்துக்குப் போய் மரத்தில் ஏறினான். கிளை முறிந்து கீழே விழுந்தான், தலை பாறையில் மோதியது. பாறை பிளந்துவிட்டது. தலைக்கு ஒன்றும் இல்லை. இன்னொரு நாள், புதிதாகக் கட்டிய கப்பலை முந்நூறு பேர் தள்ளியும் தண்ணீரில் இறக்க முடியவில்லை. பாடாங் ஒருவன் தள்ளினான், அது ஆற்றைத் தாண்டி எதிர்க்கரை வரை போய்விட்டது.

இந்தப் பேர் கடல் தாண்டிப் போயிற்று. யார் காதுக்கு? கெலிங் நாட்டு ராஜா காதுக்கு. கெலிங் என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்கு முகம் மாறும். பிற்காலத்தில் அது ஏச்சுச் சொல்லாகிவிட்டது, என் காதிலும் விழுந்திருக்கிறது. இந்த நூலில் அப்படி இல்லை. கலிங்கம் என்பதில் இருந்து வந்த பெயர் என்பார்கள், மலாய்க்காரர்கள் தென்னிந்தியா முழுவதையும் அப்படித்தான் சொன்னார்கள். ஆகவே அந்த ராஜா நம் பக்கத்து ராஜா. அவரிடம் ஒரு மல்லன் இருந்தான், நாடி விஜய விக்ரமன். அவனை ஏழு கப்பலோடு சிங்கப்பூருக்கு அனுப்பினார். தோற்றால் ஏழு கப்பல் சரக்கும் உங்களுக்கு.

பல விளையாட்டு விளையாடிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் பாடாங்குக்குக் கொஞ்சம் கை ஓங்கியது. கடைசியில் விக்ரமன் அரண்மனை முன்னால் கிடந்த பெரிய கல்லைக் காட்டினான்: இதைத் தூக்க முடியாதவன் தோற்றவன். பாடாங், "நீங்கள் முதலில் தூக்குங்கள்" என்றான். விக்ரமன் பல முறை முயன்றான், கல் அசையவில்லை. பிறகு உள்ள பலத்தையெல்லாம் கூட்டி முழங்கால் வரை தூக்கினான், அவ்வளவுதான், கீழே போட்டுவிட்டான். "இப்போது உங்கள் முறை, ஐயா." பாடாங் அதை லேசாக எடுத்து, வீசியும் எறிந்தான். அது சிங்கப்பூர் ஆற்றுமுகத்தில் போய் விழுந்தது. ஏழு கப்பல் சரக்கும் போயிற்று.

எல்லாரும் எறிந்தவனைப் பற்றித்தான் பேசுவார்கள். என் அப்பா மட்டும், "முழங்கால் வரைக்கும் தூக்கினானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப அவன் சாதாரண ஆள் இல்லை" என்றார். எழுந்து நின்று காட்டினார். தரையில் ஒட்டிக்கிடக்கிற சுமையை முதலில் தரையை விட்டுப் பெயர்ப்பதுதான் பெரும்பாடாம். முழங்காலைத் தாண்டினால் தொடையில் முட்டுக் கொடுக்கலாம், அங்கிருந்து தோளுக்கு ஏற்றிவிடலாம். முழங்காலுக்குக் கீழே எதுவும் துணை இல்லை, முதுகு மட்டும்தான். "பேய் குடுத்த பலம் இல்லாம, மனுஷ முதுகால அதைத் தூக்கினானே" என்றார். அன்றிலிருந்து இந்தக் கதையில் எனக்கு இரண்டு வீரர்கள். இதை எத்தனை மேடையில் சொல்லிவிட்டேன் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வார்.

இப்போது அந்தக் கல். 1819இல் ஆற்றுமுகத்தில் காடு திருத்தியபோது ஒரு பெரிய பாறை வெளியே தெரிந்தது. ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம், மணற்கல். அதில் ஐம்பது வரி எழுத்து. பாடாங் எறிந்த கல் இதுவாகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைக்கு ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் நிற்கிற பக்கம். நம் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்து நடந்தே போய்விடலாம்.

என்ன எழுத்து என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய ஜாவானியம், சமஸ்கிருதம், தமிழ் என்று பலர் பலவிதமாகச் சொன்னார்கள். 1837 வாக்கில் வில்லியம் பிளாண்ட் என்ற வெள்ளைக்காரர் பிசைந்த மாவை எழுத்தின் மேல் அப்பி அச்சு எடுத்துப் பார்த்தார். சப்பாத்தி மாவு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் சாயும் நேரத்தில் போய்ப் பார்த்தார், சாய்ந்த வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்தின் நிழல் தெரியும். இப்படியெல்லாம் ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார். ஆறே வருடத்தில், 1843இல், கோட்டையை விரிவாக்கவும் அதிகாரிக்கு வீடு கட்டவும் இடம் வேண்டும் என்று வெடி வைத்து உடைத்துவிட்டார்கள். பாடாங் தூக்கிய கல்லை வெடிமருந்து தூக்கியது. ஒரு துண்டு கருவூலத்துத் திண்ணையில் காவல் சிப்பாய்கள் உட்காரும் ஆசனமாகக் கிடந்ததாம். இன்னொரு பெரிய துண்டைச் சாலைக்குச் சரளையாக்கிவிட்டார்கள். சில துண்டுகள் கல்கத்தாவுக்குப் போயின. அதில் ஒன்று திரும்பி வந்து நம் தேசிய அரும்பொருளகத்தில்...

தம்பி விரலைக் காட்டிவிட்டார்.

முன்ஷி அப்துல்லாவைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். மலாய் இலக்கியத்தின் பெரிய மனிதர், முன்னோரில் தமிழ் ரத்தமும் உண்டு. சிறுவயதில் மலாக்காவில் தமிழ் படித்தவர், அங்கே கணக்கு வழக்கெல்லாம் தமிழில் நடந்த காலம் அது. அவர் அந்தக் கல்லை நேரில் பார்த்தவர், உடைத்ததற்கு வருந்தி எழுதியவர். அது இன்னொரு நாளைக்கு. பாடாங் ஆற்றுக்குக் குறுக்கே சங்கிலி கட்டிய கதையும் இன்னொரு நாளைக்கு.

ஒன்றே ஒன்று, தம்பி, அரை நிமிடம். மதுரை வீரனுக்குச் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் நாம் சன்னதி வைத்திருக்கிறோம். பாடாங்குக்குக் கோயில் இல்லை, கல்லறைதான். கரிமுன் பக்கம் புரு தீவில் அடக்கம் செய்தார்கள் என்கிறது நூல். அவன் இறந்த சேதி கேட்டு அந்தக் கல்லறையில் நடுவதற்கு இரண்டு கல் தூண் அனுப்பியவர் யார் தெரியுமா? ஏழு கப்பல் சரக்கைத் தோற்றாரே, அதே கெலிங் ராஜா.

அரும்பொருளகத்துக்குப் போனால் அந்தத் துண்டை நேராக நின்று பார்க்காதீர்கள். கொஞ்சம் பக்கவாட்டில், தலையைச் சாய்த்துப் பாருங்கள், அப்போதுதான் எழுத்து தெரியும். வணக்கம்.