கேள்விக்குள்ளேயே பதில் இருக்கக் கூடாது

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவமனையில் படுத்து எழுந்தவர்களுக்கு இது தெரியும். கட்டிலில் தலை சாய்த்துக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, கையில் தாளோடு செவிலியர் வந்துவிடுவார். என்ன செய்கிறது, எப்போதிலிருந்து, சர்க்கரை உண்டா, முன்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். 'இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லியாயிற்றே' என்று நமக்குச் சலிப்பாக இருக்கும். அந்தக் கேள்விகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். செவிலியர் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி.

ஒன்றை மட்டும் இன்று திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: கேள்விக்குள்ளேயே பதில் இருக்கக் கூடாது.

'ராத்திரி நல்லா தூங்கினீங்களா?' இது நலம் விசாரிப்பு, அவ்வளவுதான். 'ம், தூங்கினேன்' என்று பதில் வரும், தாளிலும் அப்படியே ஏறிவிடும். 1859இல் வெளிவந்த தம் செவிலியக் குறிப்புகளில் நவீன செவிலியத்துக்கு வழிகாட்டிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் இதே கேள்வியைத்தான் பிடித்துக்கொள்கிறார். இடையில் விழிக்காமல் பத்து மணி நேரம் தூங்கினால்தான் சிலருக்கு அது நல்ல இரவு. வேறு சிலருக்கோ அவ்வப்போது கண்ணயர்ந்தாலே போதும். ஐந்து நாள், இரவும் பகலும் பொட்டுத் தூக்கமில்லாமல் அதனாலேயே இறந்துபோன நோயாளி ஒருவர். வழக்கம்போல விடாமல் தூங்கவில்லை, இடையில் விழித்துக்கொண்டார் என்பதற்கு மேல் ஒன்றுமில்லாத நோயாளி இன்னொருவர். இரண்டு பேரைப் பற்றியும் ஒரே பதில்தான் வந்ததாம்! எத்தனை மணி நேரம் தூங்கினார், இரவில் எந்தெந்த நேரத்தில் தூங்கினார் என்று கேட்டால் என்ன என்கிறார் அந்த அம்மையார்.

அந்த 'எந்த நேரத்தில்' என்பதைக் கவனியுங்கள். படுத்து ஓரிரு மணி நேரத்தில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தேன் என்றால் இதயத்தைப் பார்க்கவேண்டும். சிறுநீர் கழிக்க நாலு தரம் எழுந்தேன் என்றால் சர்க்கரையோ, ஆண்களுக்கு புராஸ்டேட் சுரப்பி வீக்கமோ இருக்கலாம். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் பிறகு தூக்கமே வருவதில்லை என்றால் மனச்சோர்வு உண்டா என்று மேற்கொண்டு கேட்கவேண்டும். 'தூக்கம் சரியில்லை' என்று எழுதி வைத்தால் இந்த மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன.

மாத்திரை விஷயமும் இப்படித்தான். 'ஒழுங்கா சாப்பிடுறீங்களா?' என்றால், 'சாப்பிடுறேன் சிஸ்டர்' என்பார்கள். இல்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அதையே, 'மாத்திரை விட்டுப்போறது எல்லாருக்கும் நடக்கிறதுதான் ஐயா, போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். 'ரெண்டு நாள் இருக்கும்மா, அதைப் போட்டா தலை சுத்துது' என்று காரணமும் சேர்ந்து வரும்.

'வேற மருந்து ஏதும் உண்டா?' என்று பொதுவாகக் கேட்டாலும் 'இல்லை' என்றுதான் வரும். மருந்து என்றால் பலருக்கும் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை மட்டும்தான். அதனால் வகை வகையாகக் கேளுங்கள். கண் சொட்டு மருந்து? கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பைக் கூட்டும். கடையில் தானே வாங்கிய வலி மாத்திரை? சிறுநீரகம் பலவீனமானவருக்கு அது கெடுதல்; ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ரத்தக்கசிவு அபாயம். இன்ஹேலர், இன்சுலின் ஊசி, கருத்தடை மாத்திரை, மூலிகைச் சூரணம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் விடக்கூடாது. வீட்டில் இருக்கும் மருந்து அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னால் பாதிக் குழப்பம் தீரும்.

அடுத்தது அலர்ஜி. 'அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்காது' என்றதுமே சிவப்பு மையில் எழுதிவிடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். என்ன ஆயிற்று, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில், அதற்கு என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்று மூன்றையும் கேளுங்கள். வயிற்றைப் புரட்டியிருந்தால் பெரும்பாலும் பக்கவிளைவு. உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்திருந்தால் அது உயிருக்கே ஆபத்து. பெனிசிலின் ஒத்துக்காது என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குச் சோதித்துப் பார்த்தால் அலர்ஜி இருப்பதில்லை. ஆனாலும் அந்த ஒரு வரிக்காக வாழ்நாள் முழுவதும் அவர்களுக்கு வேறு மருந்தே போய்க்கொண்டிருக்கும். கேட்டது கேட்டபடி எழுதுங்கள். அதை நீக்குவதா என்பதை மருத்துவர் சோதித்து முடிவு செய்வார்.

எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லவேண்டும். திரையை இழுத்துவிடுங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவர் பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள், 'நீங்க முருகன்தானே?' என்றால், அரைமயக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். பாருங்கள், இங்கேயும் கேள்விக்குள் பதில்! பிறகு உட்காருங்கள். நின்றுகொண்டே கேட்டால் அவசரத்தில் இருக்கிறீர்கள் என்று நினைத்துச் சுருக்கிவிடுவார்கள். 'என்ன செய்யுது, சொல்லுங்கம்மா' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். குறுக்கே பேசாவிட்டால் பெரும்பாலானவர்கள் ஓரிரு நிமிடத்தில் தாமாகவே முடித்துவிடுவார்கள். முக்கியமானது கடைசி வாக்கியத்தில் வருவதும் உண்டு. மூச்சுத் திணறலோடோ நெஞ்சுவலியோடோ வந்தவரிடம் மட்டும் இதெல்லாம் வேண்டாம். அலர்ஜி, இப்போது சாப்பிடும் மருந்து, எப்போது ஆரம்பித்தது, இவ்வளவு போதும். மிச்சத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். குடும்ப நோய்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: 'அப்பாவுக்கு மாரடைப்பு' என்பதோடு நிறுத்தாமல், எந்த வயதில் என்று கேளுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்குள் வந்திருந்தால் அதற்குக் கனம் அதிகம். இன்னொன்று, கூட வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நோயாளியிடம் தனியாகச் சில நிமிடம் பேசுங்கள். குடிப்பழக்கம், கர்ப்பம், வீட்டில் அடி உதை, இவற்றைக் கணவன் எதிரிலோ மாமியார் எதிரிலோ யாரும் சொல்லமாட்டார்கள். மொழி தெரியாதவர் என்று பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.