வாரம் ஒரு மாத்திரை: எலும்பு மெலிவு நோய்க்கான மருந்தைப் பாதுகாப்பாக விழுங்கும் முறை

[திரையில்: நான்கு மாத்திரைகள் கொண்ட ஓர் அட்டை, அருகில் தினசரி காலண்டர்]

வணக்கம். ஆஸ்டியோபொரோசிஸ் எனப்படும் எலும்பு மெலிவு நோய் இருப்பதாகக் கண்டறிந்து, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் விழுங்கும்படி அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் அல்லது ரைசிட்ரோனேட் 35 மில்லிகிராம் மாத்திரையை மருத்துவர் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தால், இந்த வீடியோ உங்களுக்கானது. வீட்டில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்களும் இதை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கினால் இந்த மருந்து ஏறக்குறைய முழுவதும் வீணாகிவிடும். விழுங்கிய கையோடு படுத்துவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கவும் கூடும்.

நம் எலும்பில் பழைய பகுதியைக் கரைக்கும் செல்களும் புதிய பகுதியைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுவதும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதாலும், ஆஸ்துமா, முடக்குவாதம் போன்றவற்றுக்காக நீண்ட காலம் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்வதாலும், முதுமையாலும் கரைப்பு கட்டுமானத்தை மிஞ்சிவிடுகிறது. அலென்ட்ரோனேட்டும் ரைசிட்ரோனேட்டும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகள். அவை எலும்பின் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு, கரைக்கும் செல்களின் வேகத்தைக் குறைக்கின்றன. ஆனால் எலும்பிலுள்ள கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் அதே குணத்தால், வயிற்றில் இருக்கும் பாலின் கால்சியத்தையும் அவை பற்றிக்கொள்கின்றன. அப்படிப் பற்றிக்கொண்ட மருந்து குடலைத் தாண்டி உள்ளே போகாமல் மலத்தோடு வெளியேறிவிடுகிறது.

வெறும் வயிற்றில் சரியாக விழுங்கினாலும், அலென்ட்ரோனேட்டில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை. 70 மில்லிகிராம் மாத்திரையிலிருந்து உடலுக்குக் கிடைப்பது அரை மில்லிகிராமுக்கும் குறைவு. காப்பியோடோ ஆரஞ்சுச் சாறோடோ விழுங்கினால் அந்தச் சொற்ப அளவிலும் சுமார் 60 சதவீதம் குறைந்துவிடுகிறது. காலை உணவோடு விழுங்கினால் சொல்லும்படியாக எதுவுமே சேர்வதில்லை. மாதக்கணக்கில் தவறாமல் மாத்திரை போட்டும் பலன் தெரியவில்லை என்று சொல்பவர்களிடம், அதைக் காலையில் எதோடு விழுங்குகிறீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

[திரையில்: அதிகாலைச் சமையலறை, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர்]

இனி அந்தக் காலைப் பொழுதைப் படிப்படியாகப் பார்ப்போம். வாரத்தில் உங்களுக்கு வசதியான ஒரு கிழமையைத் தேர்ந்தெடுத்து, அதை மாற்றாதீர்கள். எழுந்து பல் துலக்கிய பின், காப்பி, டீ, பால் எதுவும் குடிப்பதற்கு முன், நிமிர்ந்து உட்கார்ந்தோ நின்றோ மாத்திரையை விழுங்க வேண்டும். அதோடு 200 மில்லிலிட்டர் அளவுக்குச் சாதாரணக் குடிநீரை முழுவதும் குடித்துவிட வேண்டும். வீட்டிலுள்ள சிறிய காப்பி டம்ளர் இதற்குப் போதாது. ஒரே ஒரு முறை அளவுக் குவளையால் அளந்து பார்த்து, அந்த அளவு பிடிக்கும் டம்ளர் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்து, சுத்திகரித்த நீரைப் பயன்படுத்துவது நல்லது. அண்ணாந்து ஊற்றிக் குடிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. முதியவர்களுக்கு அதில் புரையேறும் என்பதால், இந்த ஒரு வேளையாவது டம்ளரில் வாய் வைத்து, மிடறு மிடறாகக் குடிக்கச் சொல்லுங்கள்.

மாத்திரையை மெல்லக் கூடாது, சப்பக் கூடாது, பொடித்துத் தண்ணீரில் கரைத்தும் கொடுக்கக் கூடாது. விழுங்கச் சிரமப்படுகிறார்களே என்ற அக்கறையில் பிள்ளைகள் மாத்திரையை நுணுக்கிக் கொடுப்பதுண்டு. வாயிலும் தொண்டையிலும் புண் வருவதற்கு அதுவே வழியாகிவிடும். விழுங்குவது உண்மையிலேயே கடினம் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசியாகச் செலுத்தும் மருந்துகள் இருக்கின்றன.

அடுத்த அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிக்கக் கூடாது, வேறு மாத்திரை போடக் கூடாது, படுக்கவும் கூடாது. உட்காரலாம், நடக்கலாம், செய்தித்தாள் படிக்கலாம். வெகுநேரம் குனிந்து செய்யும் வேலைகளை மட்டும் தள்ளி வையுங்கள். அரை மணி நேரம் கழிந்த பிறகும், ஏதாவது சாப்பிட்ட பின்னரே படுக்கலாம். மாதம் ஒரு முறை விழுங்கும் இபான்ட்ரோனேட் 150 மில்லிகிராம் மாத்திரைக்கு இந்த இடைவெளி ஒரு மணி நேரம்.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 1995-இல் அமெரிக்காவில் அலென்ட்ரோனேட்டுக்கு அனுமதி கிடைத்தது. மறு ஆண்டே, அதனால் உணவுக்குழாயில் கடுமையான புண் ஏற்பட்ட நோயாளிகளைப் பற்றிய அறிக்கை ஒன்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியானது. அவர்களில் பலர் போதிய தண்ணீர் குடிக்காமல் விழுங்கியவர்கள், அல்லது விழுங்கியதும் படுத்தவர்கள். உணவுக்குழாயில் தங்கிவிடும் மாத்திரையும், படுக்கும்போது வயிற்றிலிருந்து அமிலத்தோடு மேலேறி வரும் மருந்தும் உட்சுவரை அரிக்கின்றன. ஆகவே இந்த மாத்திரையை ஒருபோதும் இரவில் படுக்கப் போகும் முன் விழுங்காதீர்கள்.

[திரையில்: கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு மாத்திரைகள் தனித்தனியே]

நடைமுறையில் பெரும் குழப்பம் மற்ற மருந்துகளால்தான் வருகிறது. கால்சியம் மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட் மருந்தும் அந்த அரை மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் போகவே கூடாது. கால்சியம் கார்பனேட் உணவோடு எடுத்தால்தான் நன்றாகச் சேரும் என்பதால், அதை மதியச் சாப்பாட்டுக்கோ இரவுச் சாப்பாட்டுக்கோ மாற்றிக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது. தைராய்டு மாத்திரையும் காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டியது என்பதால், இரண்டும் ஒரே நாளில் மோதிக்கொள்ளும். அந்த நாளில் எலும்பு மாத்திரையை முதலில் விழுங்கி, அரை மணி நேரம் கழித்துத் தைராய்டு மாத்திரையைப் போட்டு, மேலும் அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடலாம் என்பது பொதுவாகத் தரப்படும் ஆலோசனை. உங்கள் மருத்துவரிடமும் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வைட்டமின் டி பற்றி அழுத்தமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் 60,000 யூனிட் அளவில் பொட்டலமாகவும் கேப்ஸ்யூலாகவும் கிடைக்கும் வைட்டமின் டி, பெரும்பாலும் வாரம் ஒன்று என்றே எழுதித் தரப்படுகிறது. அதைத் தினமும் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டு எடுத்தால், இரத்தத்தில் கால்சியம் அளவுக்கு மீறி உயர்ந்து, வாந்தி, அடங்காத தாகம், மலச்சிக்கல், மனக்குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை கொண்டுபோய்விடும். மருந்துக்கடையிலேயே, அட்டையின் மேல் “வாரம் ஒரு முறை, ஞாயிறு” என்று தமிழில் பெரிதாக எழுதித் தரும்படி கேளுங்கள். விழுங்கியதும் காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்து வையுங்கள்.

குறித்த நாளில் மறந்துவிட்டால், நினைவுக்கு வந்ததற்கு மறுநாள் காலையில் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, அடுத்த வாரம் வழக்கமான கிழமைக்கே திரும்பிவிடுங்கள். ஈடுகட்டுவதற்காக ஒரே நாளில் இரண்டு மாத்திரை போடக் கூடாது.

இந்த மாத்திரை எல்லோருக்கும் ஏற்றதல்ல. உணவுக்குழாய் சுருங்கியிருப்பவர்கள், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்கள், இரத்தத்தில் கால்சியம் குறைந்திருப்பவர்கள் இதை எடுக்கக் கூடாது. சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்களுக்கும் பொதுவாக இது தரப்படுவதில்லை. அலென்ட்ரோனேட்டுக்கு, சிறுநீரகம் எவ்வளவு வேகமாகக் கழிவை வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் வெளியேற்ற அளவு நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழே போகக் கூடாது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக இருப்பவர்கள், மாத்திரையைத் தொடங்கும் முன் இந்தப் பரிசோதனையைக் கேட்டே செய்துகொள்ள வேண்டும் என்பேன். வலிநிவாரணிகளோ ஆஸ்பிரினோ எடுத்துவந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

[திரையில்: நெஞ்சுப் பகுதியும் உணவுக்குழாயும் காட்டும் வரைபடம்]

விழுங்கும்போது வலி, உணவு இறங்காமல் நிற்பது போன்ற உணர்வு, நெஞ்செலும்புக்குப் பின்னால் வலி, புதிதாகத் தொடங்கிய அல்லது மோசமாகிவரும் நெஞ்செரிச்சல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலி கடுமையாக இருந்தால், இந்த மாத்திரையால்தான் என்று நீங்களே முடிவுகட்டிக் காத்திருக்காதீர்கள். இதய வலியாகவும் இருக்கலாம் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அரிதாக, இந்த மருந்துகளை எடுப்பவர்களுக்குத் தாடை எலும்பில் ஆறாத புண் ஏற்படுவதுண்டு. பல் பிடுங்க வேண்டியிருந்தால் மாத்திரையைத் தொடங்கும் முன்பே அதை முடித்துக்கொள்வது நல்லது. பிறகு போனாலும் பல் மருத்துவரிடம் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். பல ஆண்டுகள் எடுத்தவர்களுக்குத் தொடையிலோ தொடை இடுக்கிலோ காரணமில்லாமல் மந்தமான வலி தொடர்ந்தால், தொடை எலும்பில் விரிசல் தொடங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். இவற்றைக் கேட்டுப் பயந்து மாத்திரையைத் தாமாகவே நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்த பெண்களிடம் நடத்தி 1996-இல் வெளியிட்ட ஆய்வில், அலென்ட்ரோனேட் புதிய முதுகெலும்பு முறிவுகளை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. எலும்பு முறிவு ஆபத்து உள்ள பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும் நன்மை, அந்த அரிதான தீங்குகளைவிட மிகப் பெரியது.

அதேசமயம் இதை ஆயுள் முழுவதும் தொடர வேண்டும் என்றும் இல்லை. எலும்பில் ஒட்டிய மருந்து பல ஆண்டுகள் அங்கேயே தங்கியிருப்பதால், சுமார் 5 ஆண்டுகளுக்குப் பின் முறிவு ஆபத்து குறைந்தவர்களுக்கு மருத்துவர் சிறிது காலம் இடைவெளி விடலாம். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குத் தொடரச் சொல்லலாம். அந்தச் சந்திப்புக்குப் போகும்போது எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனின் பழைய, புதிய அறிக்கைகளையும், மாத்திரை தொடங்கிய தேதியையும், இடையில் கீழே விழுந்ததோ எலும்பு முறிந்ததோ இருந்தால் அந்த விவரத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.