தமிழுக்கு ஆள் இல்லையாம்

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரில் பாலர் பள்ளியில் பல காலம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் இன்று பேச அழைத்திருக்கிறார்கள்.

"எங்க வட்டாரத்துப் பாலர் பள்ளியில தமிழ் இல்லைங்க, டீச்சர்." பெற்றோர் அடிக்கடி சொல்வது இது. பள்ளியைக் கேட்டாலோ, "வருவதே இரண்டு மூன்று பிள்ளைகள், அதற்கென்று ஆசிரியரை எப்படிப் போடுவது?" என்பார்கள். ஆள் இல்லாததால் வகுப்பு இல்லை, வகுப்பு இல்லாததால் ஆள் வருவதில்லை. பிறகு பிள்ளை சீன வகுப்பில் போய் உட்காரும். பள்ளியிடம் வாய்விட்டுக் கேட்காமலே ஒதுங்கிப்போகிற பெற்றோர்தான் அதிகம் என்பேன்.

கல்வி அமைச்சே 2014இல் பாலர் பள்ளிகளைத் தொடங்கியது. அவற்றில் தமிழும் உண்டு. தினமும் ஒரு மணி நேரம் தாய்மொழிக்கு. இடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒதுக்குகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே கே1, கே2 என்ற இரண்டு வகுப்புகள் மட்டுமே, அதாவது ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள். மூன்று வயதில் வேறு எங்கோ சேர்த்து, அதுவரை தமிழே காதில் விழாமல் வளர்ந்த பிள்ளை, கே1 தமிழ் வகுப்பில் முதல் சில வாரம் பேந்தப் பேந்த விழிக்கும். பாவமாக இருக்கும்.

சரி, வகுப்பு இருக்கிறது, அது நல்ல வகுப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுவரில் ஒட்டியிருக்கும் அ, ஆ படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். தண்ணீர் குடிக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். "டீச்சர், வாட்டர்" என்று ஒரு பிள்ளை வந்து நிற்கும். பேசாமல் குவளையை எடுத்துக் கொடுப்பவர் உண்டு. "தண்ணி வேணுமா? எந்தக் குவளை உன்னோடது, பச்சையா நீலமா?" என்று கேட்பவரும் உண்டு. பிள்ளை கொஞ்சம் யோசித்து, "பச்சை" என்னும். அந்த இரண்டாவது ஆசிரியரிடம் தயங்காமல் விடலாம். வகுப்பில் மூன்றே பிள்ளைகள் என்றால் இன்னும் நல்லது, ஒவ்வொருவருக்கும் பேச வாய்ப்புக் கிடைக்கும். சின்ன வகுப்பு என்றாலே தரம் குறைவு என்று நம்மவர்கள் நினைப்பது எனக்குப் புரிவதே இல்லை.

பிள்ளைக்கு மூன்று வயது ஆகப்போகிறதா? சேர்ப்பதற்கு முன்பே பள்ளிக்குப் போன் போட்டு, "எத்தனை பேர் சேர்ந்தால் தமிழ் வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு எண் சொல்வார்கள். அப்புறம் உங்கள் அடுக்குமாடி புளோக்கில், பக்கத்து புளோக்கில் அதே வயதுப் பிள்ளை உள்ள தமிழ்க் குடும்பங்களிடம் பேசிப் பாருங்கள். கே1 என்றால் முந்தைய ஆண்டே பதிவு நடந்துவிடும், தேதியைத் தவற விடாதீர்கள். வணக்கம்.