வாதம் கண்ட கண்தசை மீளுமா? மரபணு வெளிப்பாட்டை எப்படிப் படிப்பது?

அவையோர்க்கு வணக்கம்.

கண்ணை அசைக்கும் தசைகள் ஆறு. அவற்றில் நான்கு மூன்றாம் மூளை நரம்பின் பொறுப்பு. மேல் சாய்தசை நான்காவதைச் சேர்ந்தது, வெளி நேர்தசை ஆறாவதைச் சேர்ந்தது. ஆறாவது நரம்பு படுத்துவிட்டால் கண் மூக்குப் பக்கம் இழுபட்டு, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும். நரம்பு போனால் தசையும் போயிற்று என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். தசை மீளுமா என்பதற்கான தடயத்தை அதன் மரபணு வெளிப்பாட்டில், அதாவது எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதில், தேடலாம்.

கை கால் தசையில் நரம்பின் தொடர்பு அறுந்தால் புரதச் சிதைவைத் தூண்டும் மர்ஃப்-1, அட்ரோஜின்-1 மரபணுக்களின் வெளிப்பாடு எகிறும். இழை புரதத்தை இழந்து சூம்பும். அங்குள்ள சாட்டிலைட் செல்கள், அதாவது பாக்ஸ்-7 புரதம் கொண்ட தசைக் குருத்தணுக்கள், காயம் படும்வரை உறங்குபவை. கண்தசையில் இவை காயமே இல்லாதபோதும் பிரிந்து இழைகளுக்குப் புது உட்கரு சேர்ப்பதை விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முயலின் கண்தசையில், தசையைத் தற்காலிகமாக முடக்கும் போட்டுலினம் நச்சை ஊசியில் போட்டபோது இந்தப் பிரிதல் இன்னும் கூடியது. மீளும் திறனை இங்கே தேடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் தேடும்போது வழுக்கும் இடம் ஒன்று உண்டு. கருப்பருவ மயோசினும் (தசையைச் சுருக்கும் புரதத்தின் கருப்பருவ வடிவம்), நரம்பின் செய்தியைத் தசையில் வாங்கும் அசிட்டைல்கோலின் ஏற்பியின் காமா துணையலகும் கால் தசையில் தெரிந்தால், அது நரம்பிழந்ததாகவோ புதிதாக வளர்வதாகவோ இருக்கும். கண்தசையில் இரண்டும் நலமான பெரியவர்களிடம்கூட இருக்கின்றன! அதுவும் எங்கும் ஒரே அளவில் இல்லை. கண்தசைக்குக் கண்குழியை நோக்கிய வெளியடுக்கு, விழியை நோக்கிய உள்ளடுக்கு என இரண்டு உண்டு. கருப்பருவ மயோசின் வெளியடுக்கில் மிகுதி. இழையின் நடுவில் குறைவு, முனைகளில் அதிகம். அறுவையில் கிடைக்கும் துண்டோ விழியோடு ஒட்டும் முனை. அங்கே பெரும்பாலும் உள்ளடுக்குதான், தசைநாணும் கலந்திருக்கும். நாணிலுள்ள நாரணுக்களால், நார்ப் புரதமான கொலாஜனின் மரபணு அளவு ஏறும். தசை நாராகிவிட்டது என்று தவறாக எழுதிவிடுவோம். ஒப்பீட்டுத் தசையையும் அதே இடத்திலிருந்து எடுத்திருந்தால்தான் எண்ணுக்குப் பொருள்.

கையாளும் முறையும் முக்கியம். சூட்டுக்கோல் பட்ட ஓரத்தை ஒதுக்குங்கள். துண்டை உடனே திரவ நைட்ரஜனில் உறைய வையுங்கள். உறைய வைக்காமல் ஆர்என்ஏவை (மரபணு வேலை செய்யும்போது உருவாகும் நகல்; நாம் அளப்பது இதையே) சிதையாமல் காக்கும் கரைசலில் போடுவதென்றால், ஒரு பக்கமாவது 5 மி.மீ.க்குள் இருக்க நறுக்கி, ஐந்து மடங்குக்குக் குறையாத கரைசலில் 4 டிகிரியில் ஓர் இரவு ஊறவிட்டு, பிறகு மைனஸ் 80-க்கு மாற்றுங்கள். நார் மிகுந்த திசு என்பதால், புரதத்தைச் சிதைக்கும் நொதியான புரோட்டினேஸ்-கே கொண்டு செரிக்காவிட்டால் ஆர்என்ஏ குறைவாக வரலாம். மற்ற அளவுகளுக்கு அளவுகோலாக வைக்கும் ஒப்பீட்டு மரபணுவாக ஜிஏபிடிஹெச் ஒன்றையே நம்புவது எனக்கு உடன்பாடில்லை: அது சர்க்கரைச் சிதைவின் நொதி, முடங்கிய தசையில் அதுவே மாறலாம். மூன்றையாவது சோதித்து, நிலையானவற்றை எடுங்கள்.

பாக்ஸ்-7 கூடியிருந்தால் செல்கள் இருக்கின்றன, அவ்வளவே. அவை இணைந்து இழையாகுமா என்பதை வளர்ப்புத் தட்டில்தான் பார்க்க வேண்டும். இழையானாலும் நரம்பு வந்து சேராவிட்டால் கண் திரும்பாது. நரம்பு சரியான தசைக்கும் வந்து சேர வேண்டும்: மூன்றாம் நரம்பு வழிதவறி வளர்ந்தால் மூக்குப் பக்கம் நோக்கும்போதோ கீழ்நோக்கும்போதோ இமை மேலேறும்.

ஆய்வுக்கென்று தனியாகத் தசையை வெட்டக் கூடாது. வெளி நேர்தசை தவிர்த்த ஒவ்வொரு நேர்தசை வழியாகவும் பொதுவாக இரண்டு தமனிகள் கண்ணின் முன்பகுதிக்கு இரத்தம் தருகின்றன. வெளி நேர்தசையில் ஒன்று. ஆறாவது நரம்பு வாதத்துக்காக மேல், கீழ் நேர்தசைகளை முழுதாக இடம் மாற்றும் அறுவையில் ஏற்கெனவே நான்கு தமனிகள் போய்விடும். அந்த நேரத்தில் மாதிரிக்காக வெளி நேர்தசையையும் அறுத்தால், முன்பகுதி இரத்தமின்றி வாடும் ஆபத்து கூடும். தசையை வெட்டி நீளம் குறைக்கும் அறுவையில் எப்படியும் கழிக்கப்போகும் துண்டை, முன்பே ஒப்புதல் பெற்று எடுங்கள்.